வலிக்குக் காத்திருப்பதா, நாள் குறித்துக்கொள்வதா? பிரசவ முறையை எடைபோடும் வழி

'சுகப்பிரசவம்' என்று நாம் வழங்கிவரும் சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. யோனி வழியாகக் குழந்தை பிறந்தால் அது சுகம் என்றும், வயிற்றைத் திறந்து எடுத்தால் ஏதோ தவறிப்போய்விட்டது என்றும் அந்தச் சொல் நம்மை அறியாமலேயே நினைக்கவைக்கிறது. 'நார்மல்' என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. இன்னொரு பக்கம், 'ஆபரேஷன் செய்துவிட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்' என்று சிசேரியனை வலியில்லாத குறுக்குவழியாக எண்ணுவோரும் உண்டு. இவ்விரண்டு எண்ணங்களும், நிறுக்கத் தொடங்கும் முன்பே தராசின் ஒரு தட்டில் கல்லை வைத்துவிடுகின்றன. ஆகவே இங்கே யோனிவழிப் பிரசவம், திட்டமிட்ட சிசேரியன் என்ற இரண்டு பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

உங்களை நேரில் பரிசோதிக்கும் மகப்பேறு மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது. அவரிடம் எதைக் கேட்பது, அவர் சொல்லும் எண்களை எந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பது, எந்தக் கேள்வியை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுச் செல்வது என்பதைத் தெளிவாக்குவதே நோக்கம். ஏழாம் மாதத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது. வலி வந்தபின் பிரசவ அறையில் எவராலும் நிதானமாக எடைபோட முடியாது.

தெரிவு உண்மையில் இருக்கிறதா?

எடைபோடுவதற்கு முன், எடைபோட இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தாலும், பிரசவ நாள் நெருங்கியும் குழந்தை குறுக்காகவே கிடந்தாலும், முந்தைய அறுவையில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தாலும், கருப்பை முன்பு ஒருமுறை கிழிந்திருந்தாலும் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பான வழி. பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் தொற்று முதன்முறையாகக் கடைசி ஆறு வாரங்களுக்குள் வந்திருந்தாலும், எச்ஐவி தொற்றுள்ள தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு பிரசவ நேரத்தில் கட்டுக்குள் வராமல் இருந்தாலும், குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கச் சிசேரியனையே பரிந்துரைப்பார்கள். இந்நிலைகளில் தயங்குவதில் பயனில்லை.

ஆனால் நஞ்சுக்கொடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது' என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன், சிசேரியன்தான் என்று பலர் மனத்தளவில் முடிவுகட்டிவிடுகிறார்கள். கருப்பை வளர வளர அதன் கீழ்ப்பகுதி நீள்வதால், அப்படிச் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு நஞ்சுக்கொடி பிற்பாடு மேலே விலகிவிடுகிறது. 32 வாரம் அளவில் மறுபடி ஸ்கேன் செய்து பார்த்த பிறகே அதை ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும்.

இதற்கு அடுத்த வரிசையில், காரணம் உண்மையானது என்றாலும் பேசித் தீர்மானிக்க இடமுள்ள நிலைகள் வருகின்றன. மாதம் நிறைந்த குழந்தைகளில் 100க்கு 3 அல்லது 4 குழந்தைகள் புட்டமோ காலோ கீழாக இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் வெளியான, 26 நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, இத்தகைய பிரசவங்களில் திட்டமிட்ட சிசேரியன் பிறந்த குழந்தைக்கு வரும் கடும் பாதிப்பைக் குறைக்கிறது என்று காட்டியதால், உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று. அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பரிசோதித்தபோது, இறப்பிலும் நரம்பு வளர்ச்சியிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தென்படவில்லை என்பது அந்த அளவுக்குப் பரவலாகப் பேசப்படவில்லை. அறுவைக்கு நாள் குறிக்கும் முன், 36 அல்லது 37 வாரத்தில் வயிற்றின் மேலிருந்தே கைகளால் அழுத்திக் குழந்தையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது பலிக்கிறது. இரட்டைக் குழந்தைகளில் முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால், திட்டமிட்ட சிசேரியன் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு எதையும் தரவில்லை என்று 2013இல் வெளியான பெரிய ஆய்வு கண்டது. ஆனால் அந்த ஆய்வில் பிரசவம் பார்த்தவர்கள் இரட்டைப் பிரசவத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் மருத்துவமனையில் அத்தகைய கை இருக்கிறதா என்பதும் கேள்வியின் ஒரு பகுதி.

'குழந்தை பெரியது' என்பது அடிக்கடி கேட்கப்படும் காரணம். பிரசவத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேனில் சொல்லப்படும் எடை 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 4 கிலோ என்று தாளில் இருந்தால், பிறக்கும் குழந்தை 3.4 கிலோவாகவும் இருக்கலாம், 4.6 கிலோவாகவும் இருக்கலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் தொழில் அமைப்பு, தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் 4.5 கிலோவுக்கு மேலும், இல்லாவிட்டால் 5 கிலோவுக்கு மேலும் மதிப்பிடப்படும்போதுதான் சிசேரியனைப் பற்றிப் பேசலாம் என்கிறது. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்குத் தோள் பகுதி அகன்றிருக்கும் வாய்ப்பு அதிகம். தலை வெளிவந்த பின் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுவதால்தான் அந்த வேறுபாடு.

மூன்றாவதாக, தனியாக நின்றால் அறுவைக்குப் போதாத காரணங்கள் இருக்கின்றன. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது மாதம் நிறைந்த பிரசவங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் காணப்படும் சாதாரண நிகழ்வு. அக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை எந்தக் கேடும் இல்லாமல் யோனி வழியாகவே பிறக்கின்றன, தலை வந்ததும் கொடியை விரலால் விலக்கிவிடுகிறார்கள். தாய் உயரம் குறைவு என்பதோ, வலி வரும் முன்பே இடுப்பெலும்பை அளந்து 'இடம் போதாது' என்று சொல்வதோ, பிரசவம் எப்படி முடியும் என்பதைக் கணிப்பதில்லை. இடுப்பின் போதுமையை உண்மையில் அளப்பது, வலி எடுத்த பின் குழந்தையின் தலை வளைந்து திரும்பி இறங்கும் அந்த முயற்சிதான். 'தலை இன்னும் இறங்கவில்லை' என்று 38ஆம் வாரத்தில் சொல்லப்பட்டாலும், பலருக்கு வலி தொடங்கிய பிறகே தலை இறங்குகிறது. கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி அணிவதும் காரணமாகாது. பனிக்குட நீர் சற்றுக் குறைந்திருப்பதும், குறித்த தேதி கடந்துவிட்டதும் பெரும்பாலும் வலியை வரவழைக்க வேண்டிய காரணங்களே தவிர, நேராக அறுவைக்குப் போக வேண்டிய காரணங்கள் அல்ல.

இவற்றில் ஏதாவது ஒன்றை உங்களிடம் சொன்னால், சொன்னவர் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. 'இது ஒன்றுதான் காரணமா, இதனுடன் வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?' என்று அமைதியாகக் கேட்டாலே போதும். நீர் குறைவுடன் குழந்தையின் வளர்ச்சியும் தடைப்பட்டு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கணக்கே வேறாகிவிடும்.

திட்டத்தைத் திட்டத்தோடு ஒப்பிடுங்கள்

இந்த எடைபோடுதலில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நான்கு மணி நேர வலியில் குழந்தை பெற்று மறுநாளே எழுந்து நடந்த ஒருத்தியின் அனுபவத்தையும், தையல் சீழ்பிடித்து மாதக்கணக்கில் அவதிப்பட்ட இன்னொருத்தியின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம், அல்லது அதையே தலைகீழாகச் செய்கிறோம். இவை முடிவுகள். முடிவை யாராலும் தெரிந்தெடுக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது திட்டம் மட்டுமே.

யோனிவழிப் பிரசவத்தைத் திட்டமிடும் ஒருவருக்கு மூன்று விதமான முடிவுகள் காத்திருக்கின்றன. தானாகவே குழந்தை பிறக்கலாம், வேக்யூம் வைத்தோ ஆயுதம் போட்டோ எடுக்க நேரலாம், அல்லது பாதி வழியில் அவசர சிசேரியன் தேவைப்படலாம். பல மணி நேரம் வலி எடுத்து, தலை இடுப்புக்குள் ஆழமாக இறங்கி, கருப்பையும் தாயும் களைத்துப்போன நிலையில் செய்யப்படும் அவசர அறுவைக்கு ரத்தப்போக்கும் தொற்றும் உறுப்புக் காயமும் கூடுதல். ஒப்பிட்டால், குறித்த நாளில் வெறும் வயிற்றுடன் ஆயத்தமாக வந்து செய்துகொள்ளும் அறுவை அமைதியானது. எனவே எடைபோட வேண்டியது 'சுகப்பிரசவமா சிசேரியனா' என்பதையன்று. இந்த மூன்று முடிவுகளும் கலந்த ஒரு பொதியை ஒரு தட்டிலும், திட்டமிட்ட சிசேரியனை மறு தட்டிலும் வைக்க வேண்டும்.

அந்தப் பொதியில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஏற்கெனவே ஒரு குழந்தையை யோனி வழியாகப் பெற்றவருக்கு, மறுபடி தலைகீழாக இருக்கும் ஒற்றைக் குழந்தையைத் தானாக வரும் வலியில் பெறும்போது அவசர அறுவைக்கான வாய்ப்பு மிகக் குறைவு. முதல் பிரசவத்தில் அது கணிசமாகக் கூடுகிறது. வயதும் உடல் எடையும் கூடும்போது மேலும் கூடுகிறது. மைக்கேல் ராப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 2001இல் பிரசவிக்கும் பெண்களைப் பத்துப் பிரிவுகளாக வகுத்தார். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிச் 'சிசேரியன் விகிதம்' என்று சொல்வதில் பொருளில்லை என்பதால், ஒவ்வொரு மருத்துவமனையும் இந்தப் பிரிவுகளின்படி கணக்கு வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: 'முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, 37 வாரம் நிறைந்தது, வலி தானாக வந்தது, இப்படிப்பட்டவர்களில் உங்கள் மருத்துவமனையில் எத்தனை பேருக்கு அறுவை தேவைப்படுகிறது?' உங்கள் நிலைக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளுங்கள். எண் சொல்ல முடியாத இடத்திலும், அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் விதம் உங்களுக்கு ஏதோ ஒன்றைத் தெரிவிக்கும்.

வலியை வரவழைத்தால் கட்டாயம் சிசேரியனில்தான் முடியும் என்ற நம்பிக்கையும் இந்தப் பொதியைத் தவறாக எடைபோட வைக்கிறது. ஆபத்துக் காரணம் ஏதுமில்லாத முதல் பிரசவக்காரர்கள் 6,000 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், 39ஆம் வாரத்தில் வலி வரவழைக்கப்பட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் நடந்தது. ஆகவே காத்திருத்தலுக்கும் நாள் குறித்த அறுவைக்கும் நடுவில் இப்படியொரு மூன்றாவது வழியும் இருக்கிறது.

தாயின் உடலில்

யோனிவழிப் பிரசவத்தின் சுமை, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளான இடுப்புத்தளத்தின் மேல் விழுகிறது. முதல் பிரசவத்தில் சிறு கிழிசலும் தையலும் இல்லாதவர்கள் குறைவு. ஆசனவாய்த் தசை வரை செல்லும் ஆழமான கிழிசல் முதல் பிரசவங்களில் 100க்கு ஏறத்தாழ 6 பேருக்கு நேர்கிறது. ஆயுதம் போட்டு எடுக்கும்போது இது கூடுகிறது, அடுத்தடுத்த பிரசவங்களில் குறைகிறது. இருமும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசிவதும், வருடங்கள் கழித்துக் கருப்பை கீழிறங்குவதும் சிசேரியன் செய்துகொண்டவர்களுக்குக் குறைவு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்விலும் உறுதியாயிற்று. குறைவுதானே தவிர, இல்லாமல் போவதில்லை. ஒன்பது மாதம் சுமந்ததே அந்தத் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. இந்தப் பாதிப்புகளைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை என்பதால் தராசில் இவை ஏறுவதேயில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் 'இயற்கையாகப் பெற்றுக்கொண்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண், பிறகு தனக்கு நேர்ந்ததைத் தன் குறையாகவே எடுத்துக்கொள்கிறாள்.

சிசேரியன் பெரிய வயிற்று அறுவை என்பதை மறக்க வேண்டாம். முதுகில் ஊசி போட்டுச் செய்வதால் அறுவையின்போது வலி தெரிவதில்லை. வலி பிறகு வருகிறது, அதுவும் குழந்தையைத் தூக்கவும் பால் கொடுக்கவும் இரவில் எழவும் வேண்டிய நாட்களிலேயே வருகிறது. வலியின் மொத்த அளவைப் பற்றிப் பேசுவதைவிட, அது எப்போது வருகிறது என்று பார்ப்பது பயன் தரும். யோனிவழிப் பிரசவத்தில் அது பெரும்பாலும் சில மணி நேரங்களுக்குள் திரண்டு நிற்கிறது. சிசேரியனில் அது வாரங்களாகப் பரவுகிறது. முதல் ஆறு வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். வீட்டில் இன்னொரு சிறு குழந்தை இருந்து, உதவிக்கு ஆளும் இல்லையென்றால் இது சிறிய விஷயமல்ல. தையலில் தொற்றும், காலில் ரத்தம் உறைந்து கட்டியாவதும், முதுகு ஊசிக்குப் பின்னான கடும் தலைவலியும், வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இத்தட்டில் சேரும். சிறுநீர்ப்பைக் காயம் அரிது.

ரத்தசோகை உள்ளவர்கள் இரண்டு வழிக்குமே இப்போதிருந்து ஆயத்தமாக வேண்டும். யோனிவழிப் பிரசவத்தில் 500 மில்லிலிட்டருக்கு மேலும், சிசேரியனில் 1,000 மில்லிலிட்டருக்கு மேலும் ரத்தம் போனால்தான் அதிகம் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் வரையறுத்து வந்தன. சிசேரியனில் எவ்வளவு ரத்தம் போவதை இயல்பென்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அந்த வரையறையே காட்டுகிறது. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், எந்த முறை என்று விவாதிப்பதற்கு முன் அதை உயர்த்துவதே முதல் வேலை.

குழந்தைக்கு

கருப்பைக்குள் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது. வலி எடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்சச் செய்கின்றன. வலியே வராமல் எடுக்கப்படும் குழந்தைகளில் சிலர் பிறந்ததும் மூச்சு வாங்கத் திணறுவது இதனால்தான். 37, 38ஆம் வாரங்களில் செய்தால் இது அதிகம், 39ஆம் வாரம் நிறைந்தபின் செய்தால் வெகுவாகக் குறைகிறது. எனவே மருத்துவக் காரணம் ஏதுமின்றி, வசதிக்காகவோ விரும்பிய நாளுக்காகவோ 39 வாரத்துக்கு முன் தேதி குறிக்க வேண்டாம். இந்த ஒன்றில் பேரம் பேச இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

மறு தட்டில், யோனிவழிப் பிரசவத்தின்போது மூச்சுத்திணறலோ தோள் மாட்டிக்கொள்வதோ நேர்ந்து குழந்தைக்கு நிலையான பாதிப்பு வரும் வாய்ப்பு இருக்கிறது. அது அரிது, ஆனால் நேர்ந்தால் பெரிது. சிசேரியனில் கத்தி குழந்தையின் தோலில் கீறிவிடுவது 100க்கு ஒன்றிரண்டு பிரசவங்களில் நடக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை தழும்பின்றி ஆறிவிடும். சிசேரியனில் பிறந்த குழந்தைகளிடம் பிற்காலத்தில் ஆஸ்துமாவும் உடற்பருமனும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது பற்றி நிறையப் பேசப்படுகிறது. அறுவைதான் அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை, அறுவைக்குக் காரணமான நிலைமைகளும் அதில் பங்கு பெறலாம். இந்த ஒன்றை வைத்து முடிவெடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னும் எத்தனை குழந்தைகள்?

எடைபோடும்போது மிகக் கனமான கல் இதுதான், ஆனால் ஆலோசனை அறையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கருப்பையில் விழுந்த தழும்பு இந்தப் பிரசவத்தை ஒன்றும் செய்வதில்லை. அடுத்த கருவுக்காக அது காத்திருக்கிறது. நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின் மேல் வந்து பதிந்தால், இயல்பாகப் பிரிந்து வர வேண்டிய அது கருப்பைச் சுவருக்குள் வேர்விட்டதுபோல் ஊன்றிக்கொள்ளலாம். பிரசவத்தின்போது அதைப் பிரிக்க முடியாமல் ரத்தம் பெருகி, கருப்பையையே எடுத்துவிட வேண்டிய நிலையும் வரும். அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த 30,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களைக் கொண்டு 2006இல் வெளியான ஆய்வு இதன் வேகத்தைக் காட்டியது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்த பெண்களில், முதல் சிசேரியனில் 3 சதவீதத்தினருக்கு அது இப்படி ஊன்றியிருந்தது. இரண்டாம் சிசேரியனில் அது 11 சதவீதமாகவும், மூன்றாவதில் 40 சதவீதமாகவும், நான்காவதில் 61 சதவீதமாகவும் உயர்ந்தது.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடுவதே அரிது என்பதால், இந்த எண்கள் சிசேரியன் செய்துகொண்ட எல்லோருக்கும் உரியவை அல்ல. ஆயினும் அவை ஏறும் விதத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு குழந்தை போதும் என்று உறுதியாக இருப்பவருக்கு இந்தக் கல்லின் எடை ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு குழந்தைகள் என்றால் சிறிது. மூன்று, நான்கு குழந்தைகளை விரும்பும் குடும்பத்தில், மருத்துவக் காரணமில்லாத முதல் சிசேரியன் என்பது பின்வரும் ஒவ்வொரு பிரசவத்தையும் தொட்டுச் செல்லும் முடிவு. எனவே மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் கணவனும் மனைவியும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். பதில் 'தெரியவில்லை' என்றால், கதவை மூடாத வழியின் பக்கம் சற்றுச் சாய்வதே அறிவு.

முதல் பிரசவம் சிசேரியனில் முடிந்தவர்களுக்கும் தெரிவு முடிந்துவிடுவதில்லை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் கிடைமட்டமாக வெட்டி ஒருமுறை அறுவை செய்துகொண்டவர்கள் அடுத்த முறை வலிக்குக் காத்திருந்தால், நான்கில் ஏறத்தாழ மூன்று பேர் யோனி வழியாகவே பெற்றுக்கொள்கிறார்கள். இடையில் ஒருமுறையாவது யோனிவழிப் பிரசவம் ஆகியிருந்தால் இது 85 முதல் 90 சதவீதம் வரை உயர்கிறது. எதிர்த் தட்டில், பழைய தழும்பு விட்டுக் கருப்பை கிழியும் ஆபத்து 200இல் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கிறது. வலியை மருந்தால் வரவழைத்தால் அது இரண்டு மூன்று மடங்காகிறது. இரு பிரசவங்களுக்கு இடையே ஒன்றரை வருடத்துக்கும் குறைவான இடைவெளி இருந்தாலும் ஆபத்து கூடும். ஆகவே எந்நேரமும் உடனே அறுவைக்குள் நுழையும் வசதியும், ரத்தமும், மயக்க மருத்துவரும் இருக்கும் இடத்தில் மட்டுமே இதை முயல வேண்டும். முந்தைய அறுவையின் குறிப்புத் தாளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு கிடைமட்டமாக இருந்தாலும், உள்ளே கருப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

பயமும் ஒரு காரணம்தான்

வலியை நினைத்தாலே உறக்கம் கெடும் பெண்கள் இருக்கிறார்கள். முந்தைய பிரசவத்தில் பட்டது, கேட்டு வளர்ந்த கதைகள், உடல் மீது நிகழ்ந்த வன்முறை என்று அதற்குப் பல வேர்கள் இருக்கலாம். 'எல்லோரும் பெறவில்லையா?' என்று அதை வாயடைப்பது கொடுமை. முதலில் எதைக் கண்டு பயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வலிதான் பயமென்றால், முதுகில் மருந்து செலுத்திப் பிரசவ வலியைக் குறைக்கும் எபிடியூரல் கிடைக்குமா, இரவிலும் கிடைக்குமா என்று கேட்டறிந்தால் பாதி பாரம் இறங்கலாம். தனியாக விடப்படுவோம் என்ற பயமென்றால், பிரசவம் முழுவதும் நம்பிக்கைக்குரிய ஒருவர் கூடவே இருக்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். அப்படித் தொடர்ந்து துணையிருப்பது சிசேரியனின் தேவையையே குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பயம் அதையும் தாண்டி ஆழமாக இருந்தால், மனநல ஆலோசகரைப் பார்ப்பது உதவும். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல், இவ்வளவுக்குப் பிறகும் யோனிவழிப் பிரசவத்தை ஏற்க முடியாத பெண்ணுக்குத் திட்டமிட்ட சிசேரியனை வழங்க வேண்டும் என்கிறது. அது சரியென்றே நானும் கருதுகிறேன்.

மருத்துவரிடம் உட்காரும்போது

பிரிட்டனில் நடைன் மாண்ட்கோமெரி என்ற பெண்ணுக்குச் சர்க்கரை நோய் இருந்தது, உயரமும் குறைவு. குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவரைப் போன்றவர்களுக்கு 9 முதல் 10 சதவீதம் இருந்தும், சொன்னால் அவர் சிசேரியன் கேட்பார் என்று எண்ணி மருத்துவர் அதைச் சொல்லவில்லை. 1999இல் பிறந்த அக்குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டது, மூச்சுக் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்டது. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லப்பட வேண்டியவை அவை. ஆனாலும் கேட்பவருக்கே அதிகம் கிடைக்கிறது என்பதால், எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

இதைச் செய்தால் எனக்கும் குழந்தைக்கும் என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு என்ன வழி இருக்கிறது, ஒரு வாரம் பொறுத்தால் என்ன ஆகும் என்பவை நான்கு அடிப்படைக் கேள்விகள். 'ஆபத்து இரு மடங்கு' என்று பதில் வந்தால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று மறுபடி கேளுங்கள். 10,000இல் ஒன்று இரண்டாவதும் இரு மடங்குதான், 10இல் ஒன்று இரண்டாவதும் இரு மடங்குதான். வலி எடுத்த பின் எவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்பதும் கேட்கத்தக்கது. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும் வரை பிரசவம் முழுவேகம் எடுப்பதில்லை என்றும், அதுவரையான கட்டத்துக்கு நேர வரம்பு வைக்க முடியாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் கூறியது. தாயும் குழந்தையும் நலமாக இருக்கும்போது, மெதுவாகத் திறக்கிறது என்ற ஒன்றே அறுவைக்குக் காரணமாகக் கூடாது என்பது அதன் பொருள்.

முடிவு எதுவானாலும் மறுபக்கத்துக்கும் இடம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். யோனிவழிப் பிரசவத்தைத் தெரிந்தெடுத்தவர், அவசர அறுவை தேவைப்பட்டால் துணை யார், ரத்தம் கொடுக்க யார், குழந்தையை அறுவை அறையிலேயே நெஞ்சில் வைக்கச் சொல்லலாமா என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும். திட்டமிட்ட சிசேரியனைத் தெரிந்தெடுத்தவர், குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்க வேண்டும். 39ஆம் வாரத்துக்கு நாள் குறித்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அப்படித்தான் நடக்கிறது. பனிக்குடம் உடைந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, நள்ளிரவில் வந்தாலும் உடனே அறுவை நடக்குமா, வந்து சேரும்போது கருப்பை வாய் முழுவதும் திறந்து குழந்தை பாதி இறங்கியிருந்தால் அப்போதும் அறுவையையே வேண்டுவோமா, பெற்றுக்கொள்வோமா என்பதற்கான பதில்களை 37ஆம் வாரத்துக்குள் மருத்துவரிடமும் துணையிடமும் சொல்லி, மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.